இரத்தினபுரி தந்த நடிகர்: ஜோ அபேவிக்ரமவும் இலங்கைத் திரையும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர்தம் ஆணைகளையும், ஆட்சியாளர் குறிப்புகளையும், கல்வெட்டுகளையும் சான்றாகக் கொள்வது மரபு. இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றுக்கு இவற்றோடு திரைப்படத்தையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். ஒரு தலைமுறை எதனைக் கண்டு நகைத்தது, எதனைக் கண்டு அழுதது, எதனைக் காண அஞ்சியது என்பனவெல்லாம் சட்டப் புத்தகங்களிற் பதிவாவதில்லை. நடிகர்களின் முகங்களிலேயே அவை பதிந்து கிடக்கின்றன. இலங்கையில் அத்தகைய முகம் ஒன்று சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத்தினின்று தோன்றியது. அது சிங்களத் திரையுலகின் பெருநடிகருள் ஒருவரான ஜோ அபேவிக்ரமவின் முகமாகும்.

அபேவிக்ரம 1927ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் நாள் இரத்தினபுரிக்கு அணித்தான லெல்லோபிட்டிய என்னும் கிராமத்திற் பிறந்தார். 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 21ஆம் நாள், தமது எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். இவ்விரு நாள்களுக்கும் இடையே குடியேற்ற ஆட்சி முடிந்தது, சுதந்திரம் வந்தது, நீண்டதொரு உள்நாட்டுப் போர் தொடங்கி 2009இல் முடிவெய்தியது. சிங்களத் திரைப்படம் பிறந்ததும் வளர்ந்ததும் தளர்ந்ததும் அக்காலத்திலேயேயாம். ஆதலின் இவருடைய கலை வாழ்வை ஆராய்வது நாட்டின் வரலாற்றையும் உடன் ஆராய்வதாகும்.

பிறந்த மண்

சப்பிரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. களுகங்கையும் களனி கங்கையும் பாயும் இம்மண்ணில் மாணிக்கக் குழிகளும் வயல்களும் ஒருபுறம். தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் மறுபுறம். நுவரெலியாவிற் போலத் தோட்டங்கள் இங்கே மலைமலையாகத் தொடர்ந்து கிடப்பதில்லை. சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே அவை சிதறிக் கிடக்கின்றன. ஒரு குன்றின் சரிவில் லயக் காம்பராக்களும், அதன் அடிவாரத்தில் வயலும் விகாரையும் காணப்படுதல் இப்பகுதியின் இயல்பு. காலையிற் பெரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து, இறப்பர்ப் பால் வெட்டவும் கொழுந்து கொய்யவும் செல்லும் தமிழரும், கீழே வயலில் இறங்கும் சிங்களவரும் ஒரே சந்தையிற் கூடுவர். ஒரே பேருந்திற் செல்வர். சப்பிரகமுவத் தோட்டத் தமிழருட் பலர் சிங்களம் சரளமாகப் பேசுவதற்கு இவ்வமைப்பே காரணமாகும்.

இவ்வளவு அணுக்கமாக வாழ்ந்தும் இரு சாராரின் அரசியல் விதி வேறாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதனையடுத்து அவர்கள் வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. கிராமங்களாற் சூழப்பட்ட சிறு தோட்டங்களில் வாழ்ந்தமையின், 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் இப்பகுதித் தமிழர் பெருந்துன்பம் எய்தினர். பலர் லயங்களை விட்டு வவுனியா முதலிய வட பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். அயலவரது அணைப்பும் அச்சமும் ஒருங்கே குடிகொண்ட இத்தகைய மாவட்டத்தினின்று வந்த நடிகர் ஒருவர், பிற்காலத்திற் போரின் துயரத்தைத் தம் முகத்தில் தாங்கிக் காட்டினார் என்பது கருதத்தக்கது.

திரையின் தொடக்கமும் தமிழர் பங்கும்

அபேவிக்ரம திரைக்கு வந்த காலத்துச் சூழலையும் ஈண்டு நோக்கல் வேண்டும். முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 21ஆம் நாள் கொழும்பில் திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பட்ட இடம் மதுரை. அதில் நாயகியாக நடித்த ருக்மணிதேவி, இறம்பொடையிற் பிறந்து, டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்னும் இயற்பெயர் கொண்ட தமிழ்ப் பெண்மணி. படமாளிகைகளை நடத்திய பெருநிறுவனங்களான சிலோன் தியேட்டர்ஸ், சினிமாஸ் லிமிடெட் ஆகிய இரண்டும் முறையே சிற்றம்பலம் கார்டினர், கே. குணரத்தினம் என்னும் தமிழரது முயற்சியால் வளர்ந்தவை. சிங்களத் திரையின் வீட்டுக்குத் தமிழரே பெரிதும் அடித்தளமிட்டனர் எனின் அது மிகையன்று.

எனினும் அவ்வீட்டில் ஒரு குறையுமிருந்தது. அக்காலப் படங்கள் தென்னிந்திய அரங்கக் கூடங்களிற் பிடிக்கப்பட்டமையால், நாட்டுப்புறத்து மனிதன் அவற்றிற் காணப்படவில்லை. பேச்சு மேடைப் பேச்சாகவும், பாட்டு இந்திப் பாட்டின் மெட்டாகவும், அழுகை அளவு கடந்ததாகவும் இருந்தன. 1956ஆம் ஆண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ என்னும் படத்தைக் கிராமத்து வெளியிலேயே பிடித்து ஒரு புதுவழியைத் திறந்தார். மறு ஆண்டில் அப்படம் கான் திரைப்பட விழாவில் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே, அதாவது 1957இல், அபேவிக்ரமவும் திரையில் தோன்றலானார். கிரிபத்கொடையில் நவஜீவன கலையகத்தை அமைத்துப் படமெடுத்த சிறிசேன விமலவீர அவருக்கு வாய்ப்பளித்தவருள் முதன்மையானவர்.

அதே காலத்தில் உலகத் திரையும் சப்பிரகமுவவுக்கு வந்தது. கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில், களனி கங்கையின் குறுக்கே மாபெரும் மரப்பாலம் ஒன்றை எழுப்பி, 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதனைத் தகர்த்து, டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர் ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படத்தை எடுத்தார். அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. சயாம் – பர்மா இருப்புப் பாதையில் யப்பானியரிடம் கைதிகளாய் உழைத்த ஆங்கிலப் போர்வீரரின் கதை அது. ஆயினும் அப்பாதையில் மடிந்தோருள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரவர். அவர்தம் கதைக்கு அப்படத்தில் இடமில்லை. கித்துல்கலையின் சுற்றுப்புறமெங்கும் இறப்பர்த் தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளரும் நிறைந்திருக்க, அவரை ஒத்த மக்களின் சாவு அவர்தம் அயலிலேயே மறைக்கப்பட்டமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்றாகும். எவருடைய துயரம் திரைக்கு வருகிறது, எவருடைய துயரம் வெளியே நிற்கிறது என்னும் வினா அபேவிக்ரமவின் வாழ்விலும் பின்னர் எழுந்தது.

நகைச்சுவையினின்று குணசித்திரத்துக்கு

தொடக்கத்தில் அபேவிக்ரம நகைச்சுவை நடிகராகவே அறியப்பட்டார். திரையில் நாயகனுக்குரியதாக எண்ணப்பட்ட அழகு அவரிடம் இல்லை. குட்டையான உருவமும், நாட்டுப்புறத்தானின் நடையும், பேசாமலே பேசும் கண்களும் அவருக்கு வாய்த்திருந்தன. 1962இல் வெளிவந்த, முதல் வண்ணச் சிங்களப் படமாகிய ‘ரன் முத்து தூவ’விலும், 1964இன் ‘கெட்டவரயோ’விலும் காமினி பொன்சேகா நாயகனாக விளங்க, இவர் உடன்நின்று நடித்தார். ‘ரன் முத்து தூவ’வின் நெறியாளரான மைக் வில்சன் என்னும் ஆங்கிலேயர், திருகோணமலைக் கடலடியிற் கோணேசர் ஆலயத்துச் சிதைவுகளைக் கண்டவர், பின்னர்ச் சைவத் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி எனப் பெயர் கொண்டவர். சைவ மாணவர் அறியத்தக்க செய்தியாதலின் அது இங்குக் குறிக்கப்படுகின்றது.

1965இல் திஸ்ஸ லியனசூரிய நெறிப்படுத்திய ‘சரவிட்ட’ அபேவிக்ரமவுக்குத் தலைமை வேடத்தை அளித்தது. சரவிட்ட என்பது வெற்றிலைச் சுருள். தெருவில் வெற்றிலை விற்று வாழும் எளியவன் ஒருவனே அப்படத்தின் நாயகன். நகைச்சுவை நடிகன் நாயகனின் நிழலாகவே இருத்தல் வேண்டும் என்ற வழக்கம் இதனால் உடைந்தது. நகைப்புக்கு உரியவனாகக் கருதப்பட்டவன் அன்புக்கும் உரியவன் என்பதை அவையோர் உணர்ந்தனர்.

1971இல் டீ. பி. நிஹால்சிங்க எடுத்த ‘வெலிகத்தர’ இலங்கையின் முதற் சினிமாஸ்கோப் படம். கதை நிகழும் இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்பரப்பு. கள்ளக் கடத்தலை ஒடுக்க வந்த பொலிஸ் அதிகாரியாகக் காமினி பொன்சேகாவும், கடத்தற்காரரின் தலைவனான கோரிங் முதலாளியாக அபேவிக்ரமவும் நடித்தனர். ஹிற்லரின் அமைச்சனை நினைவூட்டும் அப்பெயருக்கு ஏற்ப அவன் கொடியவனே. ஆயினும் அபேவிக்ரம அவனைக் குரலை உயர்த்தாமலே நடித்தார். நயமாகப் பேசி, எதிரியின் பலவீனத்தைச் சிறிது சிறிதாகத் தோண்டும் ஒருவனாக அவனை ஆக்கினார். வில்லன் என்றால் உரக்கச் சிரித்தலும் கண்களை உருட்டலுமே என்றிருந்த காலத்தில் இஃது ஒரு பாடமாயிற்று.

அடுத்த ஆண்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘தெச நிசா’ வெளிவந்தது. அழகற்ற தோற்றத்தால் ஊரார் இகழ்ச்சிக்கு ஆளான ஒருவன் பார்வையற்ற பெண்ணொருத்தியை மணக்கிறான். அவளுக்குக் கண் தெரியும் நிலை வருகின்றபோது அவன் உள்ளம் நடுங்குகிறது. மனைவிக்கு ஒளி கிடைப்பதை விரும்புவதா, அஞ்சுவதா என்னும் அப்போராட்டத்தை அபேவிக்ரம பெரும்பாலும் சொல்லின்றியே காட்டினார்.

1978இல் தர்மசேன பத்திராஜ எடுத்த ‘பம்பரு எவித்’ என்னும் படத்திற் கடற்கரைச் சிற்றூரின் மீன்பிடித் தலைவனான அன்ரன் ஐயாவாக அவர் தோன்றினார். நகரத்து இளைஞர் வந்து கடலோர வாழ்வைக் குலைக்கும் கதை அது. 1980இல் வந்த ‘பெத்தேகம’, லெனார்ட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் ஆட்சியாளராகப் பணிபுரிந்த வூல்ஃப், காட்டோரத்துக் கிராமம் ஒன்று வறுமையாலும் வஞ்சகத்தாலும் அழிந்துபோவதை அந்நாவலில் எழுதினார். அதன் நடுநாயகமான சிலிந்து என்னும் வேட்டுவனாக அபேவிக்ரம நடித்தார். தலைமைக்காரனும் வட்டிக்காரனும் சேர்ந்து தன் குடும்பத்தை நசுக்க, பொறுத்துப் பொறுத்து ஒருநாள் துப்பாக்கியைத் தூக்குபவன் சிலிந்து. சட்டமும் அறமும் வெவ்வேறு திசையில் நிற்கும்போது ஏழையின் நிலை யாது என்பதை அவருடைய குழம்பிய பார்வை உணர்த்தியது.

இவ்வேடங்களையெல்லாம் ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலனாகும். வெற்றிலை விற்பவன், அழகற்றவன், மீனவன், வேட்டுவன் என இவர் ஏற்றவருட் பலரும் சமூகத்தின் விளிம்பில் நிற்போர். அவர்களைப் பரிதாபப் பொருளாக்காமல், முழு மனிதராக நிறுத்தியதே அபேவிக்ரமவின் சாதனை.

தீயும் போரும்

1983ஆம் ஆண்டு ஜூலையில் நிகழ்ந்த தமிழருக்கெதிரான வன்செயல் சிங்களத் திரையையும் சுட்டெரித்தது. ஹெந்தலையில் குணரத்தினத்தின் விஜயா கலையகம் தீக்கிரையாயிற்று; அங்குக் காக்கப்பட்ட படச்சுருள்கள் சாம்பராயின. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய கே. வெங்கட் என்னும் தமிழர் கொல்லப்பட்டார். இரு இனத்தாரும் கூடிக் கட்டிய ஒரு கலை மாளிகையின் சுவர் அன்று வீழ்ந்தது. அதன்பின் வந்த போர்க்காலத்தில் வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று காணாத இரு நாடுகள் போலாயின.

அந்நிலையிலேதான் 1997ஆம் ஆண்டில் பிரசன்ன விதானகே ‘புரஹந்த களுவர’ என்னும் படத்தை எடுத்தார். பூரணையின் இருள் என்பது அத்தலைப்பின் பொருள். அபேவிக்ரமவுக்கு அப்போது எழுபது வயது. வறண்ட மண்ணில் வாழும் பார்வையற்ற முதியவரான வன்னிஹாமியாக அவர் நடித்தார். அம்முதியவரின் மகன் படையில் இறந்தான் என்று கூறி முத்திரையிடப்பட்ட சவப்பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. ஊரார் ஈமக்கடனை முடிக்கின்றனர். அரசு வழங்கும் இழப்பீட்டுப் பணத்துக்காக, முதியவரின் கைந்நாட்டை வேண்டிப் பத்திரங்கள் நீட்டப்படுகின்றன. பணம் வந்தாற் கடன் தீரும். குடும்பத்தின் தேவைகள் நிறைவேறும். ஆயினும் முதியவர் கையொப்பமிட மறுக்கிறார். தம் மகன் இறக்கவில்லை என்பதே அவரது நம்பிக்கை. முடிவில் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புதைகுழிக்குச் செல்கிறார். பெட்டி திறக்கப்படுகிறது; அதனுள் மகனின் உடல் இல்லை.

இப்படத்தில் அபேவிக்ரம பேசும் சொற்கள் மிகச் சில. தடியூன்றி நடக்கும் நடையிலும், பெட்டியைத் தடவும் விரல்களிலும், எதனையோ உற்றுக் கேட்பது போலச் சாய்ந்த தலையிலுமே ஒரு தந்தையின் உள்ளம் முழுவதும் வெளிப்படுகிறது. கண்ணுள்ளோர் காணாததைக் கண்ணில்லாதவர் காண்கிறார் என்பது அப்படத்தின் உட்பொருள். பார்வையற்ற பெண்ணின் கணவனாக 1972இல் நடித்தவர், கால் நூற்றாண்டின் பின் தாமே அந்த இருளுக்குள் புகுந்தார். 1999இற் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா அவருக்குச் சிறந்த நடிகர் விருதை வழங்கியது.

ஆயினும் சொந்த நாட்டில் அப்படம் எளிதில் வெளிவரவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 2000ஆம் ஆண்டில் அரசு அதன் திரையிடலைத் தடுத்து நிறுத்தியது. நெறியாளர் நீதிமன்றத்தை நாடினார். 2001இல் உயர் நீதிமன்றம் அத்தடை கருத்துரிமைக்கு மாறானது எனத் தீர்த்த பின்னரே மக்கள் அதனைக் கண்டனர்.

இங்கு ஜெர்மனியின் திரை வரலாற்றோடு ஓர் ஒப்பீடு பொருந்தும். இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1946இல் வொல்ஃப்காங் ஸ்டௌட்டே பெர்லின் நகரத்து இடிபாடுகளிடையே ‘கொலைகாரர் நம்மிடையே உள்ளனர்’ என்னும் படத்தை எடுத்தார். 1959இற் பெர்ன்ஹார்ட் விக்கி, தான் நடிகராகவும் விளங்கியவர், பள்ளிச் சிறுவர்கள் ஒரு பாலத்தைக் காக்க அனுப்பப்பட்டு மடியும் கதையைப் படமாக்கினார். அந்நாட்டு நடிகர்கள் போருக்குப் பின்னர், தோல்விக்குப் பின்னர், தம் மக்களின் மனச்சான்றாக நின்றனர். அபேவிக்ரமவும் விதானகேயும் செய்தது அதனினும் கடினமானது. பீரங்கிகள் ஓயாதபோதே, பெரும்பான்மை இனத்தின் முற்றத்திலிருந்தே, அவர்கள் போரின் விலையைக் கேட்டனர்.

அப்படத்திற் போர்க்களம் காட்டப்படுவதில்லை. தமிழர் வாழ்வும் காட்டப்படுவதில்லை. அதனை ஒரு குறையாகக் கூறுவாருமுளர். சிங்களத் தந்தையின் துயர் திரையேற, தமிழ்த் தந்தையின் துயர் வெளியே நின்றது என்னும் அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கித்துல்கலைப் பாலத்தின் கதையில் நிகழ்ந்த மறைப்பை அறிந்தோர் அதன் வலிமையை உணர்வர். எனினும் இரண்டும் ஒன்றல்ல. அங்கே மடிந்தோர் மறக்கப்பட்டனர். இங்கேயோ, உடல் கிடைக்காத மகனுக்காகக் காத்திருத்தல் என்னும் துயரமே படத்தின் பொருளாயிற்று. காணாமற் போனோரைத் தேடிப் படங்களைக் கையிலேந்தி வீதியோரங்களில் அமர்ந்த தமிழ்த் தாய்மாரும் கேட்டது அதே வினாவையே. ‘உடலைக் காட்டாமற் சாவை ஏற்கச் சொல்வது எங்ஙனம்? பணம் தந்து கணக்கை முடிப்பது எங்ஙனம்?’ வன்னிஹாமி கைந்நாட்டிட மறுத்த அந்தக் கணத்தில், அவர் எந்த மொழியிற் பேசினார் என்பது பொருட்டாவதில்லை.

அபேவிக்ரமவின் பெருமை அவர் நடித்த படங்களின் எண்ணிக்கையிலன்று. அது நூற்றுக்கு மேற்பட்டது. சிரிக்கவைக்கும் தொழிலில் தொடங்கி, அதிகாரத்தின் முன் தலைவணங்காத ஒரு முதியவரின் மௌனத்தில் அக்கலை முதிர்ந்தமையே அவருடைய பெருமை. லெல்லோபிட்டியவின் கிராமத்து மனிதரைக் கூர்ந்து நோக்கிப் பழகிய கண்களே அதற்கு வழிகாட்டியிருத்தல் வேண்டும். அக்கிராமங்களின் மேற்சரிவில், லயங்களில் வாழ்ந்த மக்களின் கதைக்கு இத்தகைய நெடிய கலை வாழ்வு இன்னும் வாய்க்கவில்லை. நாடற்றவராகி, ஒப்பந்தங்களாற் பங்கிடப்பட்டு, இருமுறை எரியுண்டும் அம்மண்ணிலேயே வேரூன்றி நின்ற சப்பிரகமுவத் தமிழரின் வாழ்வில் வன்னிஹாமிகள் பலர் உளர். அவர்தம் முகத்தைத் திரைக்குக் கொணர்வது இனி வரும் கலைஞர்தம் கடன். அக்கடனை ஏற்போருக்கு இரத்தினபுரியின் இந்நடிகர் விட்டுச்சென்ற பாடம் ஒன்றுண்டு: எளியவனை எளியவன் என்று இரங்காமல், மனிதன் என்று மதித்து நடித்தல் வேண்டும் என்பதே அது.